ரத்தக் கதைகளைக் காதால் கேட்பவர்களுக்கு



எனக்கு முன்னால் பேசியவர்கள் அறத்தைப் பற்றிப் பேசினார்கள், அன்பைப் பற்றிப் பேசினார்கள். நான் பிணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முன்வரிசை அண்ணாச்சி ஒருவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். உட்காருங்கள் அண்ணாச்சி, ஒன்றும் ஆகாது.

ரத்தம் சொட்டுகிற கதைகளை விரும்பிப் படிப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். கை தூக்கச் சொன்னால் தூக்க மாட்டார்கள். பக்கத்தில் மாமியார் இருப்பார். அந்த ரகசிய வாசகர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. அவர்கள் இப்போது கதைகளைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். பஸ்ஸில், சமையலறையில், நடைப்பயிற்சியில், ஒலிநூல்களாக. "நல்ல பேய்க்கதை ஒன்று சொல்லுங்கள், எதைக் கேட்கலாம்?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் திருப்பிச் சொல்வது ஒன்றுதான். எந்தப் புத்தகம் என்று பிறகு பார்ப்போம். முதலில் யார் வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். வாசிக்கிறவர் பயந்து நடுங்கினால் நமக்குச் சிரிப்புதான் வரும். அவர் அலுங்காமல் வாசித்தால்தான் நமக்கு வேர்க்கும்.

அச்சில் படிக்கும்போது நம்மிடம் ஒரு தந்திரம் இருக்கிறது. கழுத்தில் கத்தி இறங்கப்போகிறது என்று தெரிந்ததும் கண் இரண்டு வரி முன்னால் ஓடிப்போய் ஆள் பிழைத்தானா செத்தானா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடும். நமக்கே தெரியாமல் இதைச் செய்கிறோம். ஒலிநூலில் இது நடக்காது. அடுத்த சொல் எப்போது விழும் என்பது வாசிக்கிறவர் கையில் இருக்கிறது. அவர் மூச்சு விட்டால் நாமும் விடுகிறோம், அவர் நிறுத்தினால் நாமும் நிற்கிறோம்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் எம்.ஆர். ஜேம்ஸ். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி அறிஞர், பழைய கையெழுத்துச் சுவடிகளில் வாழ்ந்த மனிதர். கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஒரே ஒரு மெழுகுவத்தியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்து, தான் எழுதிய பேய்க்கதையை வாசிப்பார். அந்தக் கதைகளின் முதல் தொகுப்பு 1904-ல் வந்தது. பெரும்பாலானவை நண்பர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டியவை. அதனால்தான் இன்றைக்கும் யார் வாசித்தாலும் காதில் சரியாக உட்காருகின்றன. கல்லூரிப் பேராசிரியர் நூலகக் குறிப்பு சொல்கிற தொனியிலேயே கதை போகும். போகிற போக்கில், தலையணைக்குக் கீழே கை வைத்தவனுக்கு அங்கே மயிரும் பல்லுமாய் ஒரு வாய் தட்டுப்படும். குரல் உயராது.

"சார்ல்ஸ் டிக்கன்ஸ் அப்படிச் செய்யவில்லையே" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் சைக்ஸ் என்ற ரவுடி நான்சியை அடித்துக் கொல்லும் இடத்தை, 1869-ல் தொடங்கி ஊர் ஊராக மேடையில் நடித்து வாசித்தார் அவர். கத்தினார், கெஞ்சினார், அடித்தார். கிளிஃப்டன் என்ற ஊரில் பெண்கள் மயங்கி விழுந்து தூக்கிக்கொண்டு போகப்பட்டதை அவரே பெருமையோடு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மருத்துவர் பக்கத்தில் நின்று நாடி பார்த்துக்கொண்டே இருந்தார். 1870-ல் டிக்கன்ஸ் இறந்துபோனார். அந்த வாசிப்புகள் அவர் உடம்பை உறிஞ்சிவிட்டன என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அது மேடை. ஆளைப் பார்த்துக்கொண்டே கேட்பது வேறு. இயர்போனில் அந்த ஆள் காதுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். உள்ளே உட்கார்ந்துகொண்டு கத்தினால் யார் பொறுப்பார்கள்?

சரி, பட்டியலுக்கு வருகிறேன். பேனா வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'பெட் செமட்டரி'. ஸ்டீபன் கிங் எழுதியது, 1983-ல் வந்தது. ஒரு டாக்டர் மனைவி மக்களோடு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு வீட்டுக்குக் குடிவருகிறார். வாசலில் பெரிய பெரிய லாரிகள் பறக்கிற சாலை. வீட்டுக்குப் பின்னால் குழந்தைகள் தங்கள் நாய்களையும் பூனைகளையும் புதைக்கிற சிறிய இடுகாடு. அதையும் தாண்டி இன்னொரு இடம் இருக்கிறது. அங்கே புதைத்தது திரும்பி வரும். போனமாதிரியே திரும்பி வராது, அவ்வளவுதான். கிங் உண்மையிலேயே அப்படி ஒரு சாலையோரம் குடியிருந்தவர். மகளின் பூனை லாரியில் அடிபட்டுச் செத்தது. சின்ன மகன் ஒருநாள் அந்தச் சாலையை நோக்கி ஓடினான். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் 'பிழைக்காமல் போயிருந்தால்?' என்ற கேள்வி அப்பனை விடவில்லை. எழுதி முடித்தபோது இது அளவு மீறிப் போய்விட்டது என்று அவருக்கே பட்டு, கையெழுத்துப் பிரதியை மூடி வைத்துவிட்டார். பதிப்பாளருக்கு ஒரு புத்தகம் கொடுத்தாக வேண்டிய கட்டாயத்தில்தான் வெளியே எடுத்தார்.

2018-ல் இதை ஒலிநூலாக வாசித்தவர் மைக்கேல் சி. ஹால். 'டெக்ஸ்டர்' என்ற அமெரிக்கத் தொடரில் தொடர்கொலைகாரனாக நடித்தாரே, அவரேதான். அந்தத் தொடரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். எவ்வளவு மென்மையான குரல்! ஒரு தகப்பன் தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுவதை எந்தக் குரலில் வாசிக்கிறாரோ, அதே குரலில் மண்வெட்டியோடு இடுகாட்டுக்குப் போவதையும் வாசிக்கிறார். கடைசிப் பகுதியில் ஒரு அறுவைக் கத்தி வருகிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். சின்னக் குழந்தைகள் வைத்திருக்கும் பெற்றோர் இதைக் கொஞ்ச வருஷம் தள்ளிவைக்கலாம். இது ஒன்றுக்குத்தான் நான் இப்படிச் சொல்வேன்.

இதே கிங்கின் 'இட்', ஸ்டீவன் வெபர் வாசிப்பில் ஏறக்குறைய 45 மணி நேரம். நெல்லையிலிருந்து தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் வருகிறவருக்கு இரண்டு மூன்று வாரம் தாங்கும். வெபர் என் விதிக்கு அடங்காதவர். ஆளுக்கொரு குரல், கூத்துக்காரரைப் போல ஆடித் தீர்க்கிறார். ஆனாலும் பொருந்துகிறது, ஏனென்றால் அந்தக் கதையில் வரும் பூதமே ஒரு சர்க்கஸ் கோமாளி. கோமாளியை அடக்கி வாசிக்க முடியுமா?

அடுத்து 'டிராகுலா'. பேரைக் கேட்டதும் "அது தெரிந்த கதைதானே" என்று சிலர் தலையாட்டுகிறீர்கள். படம் தெரியும் என்று சொல்லுங்கள். பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய நாவலில் கதைசொல்லி என்று ஒருவர் கிடையாது. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் துணுக்குகள், இவ்வளவுதான். அதில் மனநோய் மருத்துவர் சீவர்ட் தன் நாட்குறிப்பை எழுதுவதில்லை. எடிசன் 1877-ல் கண்டுபிடித்த ஃபோனோகிராஃபின் அப்போதைய வடிவத்தில், மெழுகு உருளையில் பேசிப் பதிகிறார். அதாவது, டிராகுலாவில் ஒரு பகுதி கதைக்குள்ளேயே ஒலிநூல்! மீனா என்ற பெண் அந்த உருளைகளைக் கேட்கிறாள். கேட்டுவிட்டு, உங்கள் மனசின் வேதனையெல்லாம் இந்தக் குரலில் அப்படியே தெரிகிறது, இதை இன்னொருவர் கேட்கக் கூடாது என்று சொல்லி எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிடுகிறாள். எழுத்தைவிடக் குரல் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அன்றைக்கே ஸ்டோக்கருக்குத் தெரிந்திருக்கிறது.

2012-ல் ஆடிபிள் என்ற ஒலிநூல் நிறுவனம் 'டிராகுலா'வைப் பல குரல்களில் பதிவு செய்தது. சீவர்டாக ஆலன் கம்மிங், வான் ஹெல்சிங்காக டிம் கரி. பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். லூசி என்ற பெண்ணின் கல்லறைக் காட்சிக்காகவாவது கேளுங்கள். காதலித்தவளின் நெஞ்சில் கட்டையை அடித்து இறக்குகிறார்கள். அதை ஒரு மருத்துவர், நோயாளியின் கேஸ் ஷீட் எழுதுவதுபோல விவரிக்கிறார்.

ஜாம்பி கதை பிடிக்கிறவர்களுக்கு மாக்ஸ் புரூக்ஸின் 'வேர்ல்ட் வார் இசட்', 2006-ல் வந்தது. பிராட் பிட் படத்தை மறந்துவிடுங்கள். புத்தகத்துக்கும் அதற்கும் பேரைத் தவிரப் பெரிய உறவு கிடையாது. உலகமே செத்துப் பிழைத்த பிறகு ஒருவர் நாடு நாடாகப் போய்த் தப்பியவர்களைப் பேட்டி எடுக்கிறார். நாவல் முழுக்கப் பேட்டிதான் என்பதால், இதற்கு ஒலிநூல்தான் இயல்பான வடிவம். அச்சுப் புத்தகம் அதன் எழுத்துப்பிரதி என்றுகூடச் சொல்வேன். மார்க் ஹாமில், ஆலன் ஆல்டா போன்ற நடிகர்கள் ஆளுக்கொரு சாட்சியாகப் பேசுகிறார்கள். குஜராத்தின் அலாங் கப்பலுடைக்கும் கரையில், கூட்டம் கூட்டமாக மக்கள் உடைந்த கப்பல்களில் ஏறத் தவிக்கும் ஒரு சாட்சியமும் உண்டு. முதலில் வந்தது சுருக்கப் பதிப்பு. 2013-ல் வந்த முழுப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

வெறும் ரத்தம்தான் வேண்டும், இலக்கியமெல்லாம் வேண்டாம் என்பவர்களும் இருப்பீர்கள். தப்பில்லை. உங்களுக்கு 'லைட்ஸ் அவுட்'. 1934-ல் சிகாகோவில் வில்லிஸ் கூப்பர் தொடங்கிய நள்ளிரவு வானொலி நாடகம், 1936 முதல் ஆர்ச் ஒபோலர் கைக்கு வந்தது. தலையை வெட்டும் சத்தத்துக்கு முட்டைக்கோஸை வெட்டினார்கள். எலும்பு முறிவதற்கு விலா எலும்புகளையே வாங்கி வந்து உடைத்தார்கள். மின்சார நாற்காலியில் ஆள் கருகுவதற்கு அடுப்பில் பன்றி இறைச்சியைப் பொரித்தார்கள். ஒரு மனிதன் உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டப்படும் கதை ஒன்று உண்டு. அதற்கு ஈரமான ரப்பர் கையுறையைக் கழற்றினார்கள்! ஸ்டுடியோவில் இருந்தவர்களுக்குப் பசி எடுத்திருக்கும், வீட்டில் கேட்டவர்களுக்குக் குமட்டியிருக்கும். பதிவுகள் பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

குமட்டலும் சிரிப்பும் ஒன்றாக வருவது நமக்குப் புதிதில்லை. கலிங்கத்துப் பரணியில் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் துலக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கை வழித்து, எண்ணெய் போக மூளையைக் களியாகத் தேய்த்துக் குளித்துவிட்டுப் பிறகுதான் பிணக்கூழ் காய்ச்சுகின்றன. ஜெயங்கொண்டார் இதை மன்னன் புகழாகப் பாடினார் என்பதை நினைத்துப் பாருங்கள். நம் நெல்லைப் பக்கத்துக் கோயில் கொடைகளில் நடுச்சாமத்தில் வில்லுப்பாட்டில் சுடலைமாடன் பிணம் தின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஹாலிவுட் புதிதாக எதைக் காட்டிவிட முடியும்?

ரத்தம் திகட்டிவிட்டால் ஷெர்லி ஜாக்சனின் 'த ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்', 1959. பெர்னடெட் டன் வாசித்தது. ரத்தத்தைப் பெரிதாக நம்பாமல் கதவு தட்டுகிற சத்தத்திலேயே வேலையை முடித்துவிடுவார்கள்.

காசு செலவழிக்கத் தயங்குகிறவர்கள் லிப்ரிவாக்ஸுக்குப் போங்கள். 2005-ல் தொடங்கியது. பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாகத் தருகிறார்கள். வாசிப்பின் தரம் முன்பின் இருக்கும், கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அங்கே லாஃப்காடியோ ஹெர்னின் ஜப்பானியப் பேய்க்கதைத் தொகுப்பு 'க்வைதான்', 1904, கிடைக்கும். அதில் முதல் கதை ஹோய்ச்சி. கண் தெரியாத பாடகன். கடற்போரில் மாண்டுபோன ஹெய்கே குல வீரர்களின் ஆவிகள் இரவுதோறும் அவனை அழைத்துப் போய்த் தங்கள் சாவைப் பற்றியே பாடச் சொல்கின்றன. காப்பாற்றுவதற்காகக் கோயில் துறவி அவன் உடம்பு முழுக்க மந்திரம் எழுதுகிறார். எழுதிய இடம் பேயின் கண்ணுக்குத் தெரியாது. காதில் மட்டும் எழுத மறந்துவிடுகிறார்கள். வந்த பேய்க்குத் தெரிவது இரண்டே காதுகள். வெறுங்கையோடு போக முடியாதே என்று அவற்றைப் பிய்த்துக்கொண்டு போகிறது. இந்தக் கதையை இயர்போனில் கேட்டால் ஒரு தடவையாவது கை தானாகக் காதைத் தொட்டுப் பார்க்கும்.

ஹெர்னுக்கே ஒரு கண் பார்வை கிடையாது. அவர் மனைவி செத்சுதான் இருட்டிய பிறகு விளக்கைத் தாழ்த்திவிட்டு இம்மாதிரிக் கதைகளைச் சொல்வார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கக் கூடாது, உன் சொல்லில் சொல் என்பது ஹெர்னின் நிபந்தனை. சொல்லச் சொல்ல ஹெர்னின் முகம் வெளுத்துப்போகும் என்று செத்சு பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இரண்டு கண்டிப்பு. ஒன்று, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடாதீர்கள். சுயமுன்னேற்றப் புத்தகத்தை அப்படிக் கேளுங்கள், சீக்கிரம் முன்னேறலாம். பேய்க்கதையில் இரண்டு சொல்லுக்கு நடுவில் இருக்கிற மௌனத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு, வண்டி ஓட்டும்போது வேண்டாம். இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புதுமைப்பித்தன் எழுத்துகள் 2002-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. 'காஞ்சனை'யை வாசித்துப் பதிவு செய்ய நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிணவாடையும் இரவுச் சத்தமுமாக நகரும் கதை, நம் நெல்லைக்காரர் எழுதியது. பின்வரிசைத் தம்பி தங்கைகளே, போனில் ரெக்கார்டரைப் போட்டு, நம்மூர்ப் பேச்சு வாடையோடு, பக்கத்து வீட்டுச் செய்தி சொல்கிற மாதிரி நிதானமாக வாசியுங்கள். இடியோசை, நரி ஊளை, வயலின் கீச்சு என்று பின்னணியில் எதையும் சேர்த்துவிடாதீர்கள்.