நரம்பின் நுனியில் ஓர் இடைவெளி
(மணப்பாறையில் அன்பர்கள் கூடிய அவையில் வழங்கப்பெற்ற உரை)



மணப்பாறையில் நரம்பு மண்டலத்தை விளக்க ஏடுகளைத் தேட வேண்டுவதில்லை. முறுக்குச் சுடும் அடுப்பே போதும். கொதிக்கும் எண்ணெய் ஒரு துளி விரலில் தெறித்தவுடன் கை பின்னே இழுத்துக்கொள்கிறது. 'சுடுகிறது' என்னும் உணர்வு அதன் பின்னரே தோன்றுகிறது. தோலிலிருந்து புறப்பட்ட செய்தி தண்டுவடத்தை எட்டியதும் அங்கிருந்தே தசைக்குக் கட்டளை திரும்பிவிடுகிறது. மூளைக்குத் தகவல் சற்றுப் பிந்தியே சேர்கிறது. இதனை அனிச்சைச் செயல் என்பர்.

மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 இணையும் தண்டுவடத்திலிருந்து 31 இணையுமாக நரம்புகள் கிளைத்து உடலெங்கும் பரவுகின்றன. மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. விரைவு மிக்க இழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும்; மந்தமான வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளிலோ நொடிக்கு ஒரு மீட்டர் அளவே. விரல் இடித்தபின் வலி இரு தவணையாக வந்து சேர்வதன் காரணம் இதுவே.

நரம்பிழைக்குள் செய்தி மின் அலையாகச் செல்கிறது. ஆயினும் நரம்பு தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே, ஒரு மில்லிமீட்டரை 20,000 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவு இடைவெளி உண்டு. நரம்பு நுனியிலுள்ள நுண்பைகள் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை வெளியிட, அது இடைவெளியைக் கடந்து தசையைச் சுருங்கச் செய்கிறது. கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து இறங்கும் நரம்பு உதரவிதானத்தை இயக்கி மூச்சை நடத்துவதும் இவ்வாறே.

இந்த இடைவெளியில்தான் கட்டுவிரியனின் நஞ்சு வேலை செய்கிறது. இப்பாம்பு இரவில் நடமாடுவது. வானம் பார்த்த காட்டு நிலங்களின் நடுவே, புழுக்கம் தாளாது தரையில் பாய் விரித்து உறங்குவோரையே பெரும்பாலும் கடிக்கிறது. (தரையில் படுத்தல் நம் முனிவர்க்கு விரதம், உழவர் குடிக்கோ அது வேறு வழியில்லாமை.) கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ மிகக் குறைவு, பல் தடமும் தெரியாமற் போகும். விடியலில் வயிற்றுவலி, பின் இமை சரிதல், பேச்சுக் குழறல், விழுங்க இயலாமை, இறுதியில் மூச்சுத் தடை. வேப்பிலையைத் தின்னக் கொடுத்துக் 'கசக்கிறதா' என்று கேட்கும் வழக்கம் நாட்டுப்புறத்தில் உண்டு. நஞ்சு தாக்குவது தசையை இயக்கும் நரம்பு நுனியை, சுவை நரம்பையன்று. கசப்பதால் நஞ்சு இல்லையென்று ஆகிவிடாது. அச்சோதனையில் கழிவது காலம் ஒன்றே.

ஐம்பொறி, மனம், வசனம், காயம் ஆகிய மூன்று பலங்கள், உயிர்ப்பு, ஆயுள் எனப் பத்துப் பிராணங்களைச் சமண நூல்கள் எண்ணுகின்றன. கட்டுவிரியன் தீண்டியவரிடம் வசன பலமும் காய பலமும் போய்விடுகின்றன, உயிர்ப்பு ஒடுங்குகிறது. ஆனால் செவி கேட்கிறது, தோல் உணர்கிறது, மனம் விழித்திருக்கிறது. கண்மணி ஒளிக்குச் சுருங்காமற் போவதும் உண்டாதலால், காண்போர் இறந்தார் என்றே எண்ணிவிடக்கூடும்.

இந்தியாவில் வழங்கும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் பொது. அதற்கு நஞ்சு தருவோருள் முதன்மையானவர் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978இல் தொடங்கிய அச்சங்கத்தில் நஞ்சு எடுத்தபின் பாம்புகள் மீண்டும் காட்டிலேயே விடப்படுகின்றன. குதிரையின் குருதியும் அம்மருந்துக்குத் தேவைப்படுகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

நரம்பு நுனி சிதைந்தபின் மருந்து அதனைச் சீராக்காது. இரத்தத்தில் எஞ்சியுள்ள நஞ்சையே அது முறிக்கும். ஆதலின் இமை சரியும்வரை காத்திராமல், ஐயம் எழுந்த பொழுதே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூச்சு தளர்ந்தால் செயற்கைச் சுவாசக் கருவி தேவை. நுனிகள் புதிதாகத் தளிர்க்க நாட்களோ வாரங்களோ ஆகும். அதுவரை கருவி மூச்சு விடுவிக்க, அசைவின்றிக் கிடக்கும் அவரருகே நின்று 'இனிப் பயனில்லை' என்று உறவினர் பேசினால் அதுவும் அவர் செவியில் விழும்.