எலிக்குத் தெரிந்தது, தொழிலாளிக்குத் தெரியவில்லை

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல; ரயில்வே குமாஸ்தா. ஆனாலும் ஆலைக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கதை ஒன்று உண்டு.

பி.வி.சி. குழாய்க்கு மூலப்பொருள் வினைல் குளோரைடு என்னும் வாயு. 1970-களின் தொடக்கத்தில் இத்தாலியின் பொலோனா நகரில் மால்டோனி என்ற விஞ்ஞானி எலிகளை அந்த வாயுவைச் சுவாசிக்க வைத்தார். எலிகளின் ஈரலில் அபூர்வமான புற்றுநோய் கண்டது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த கம்பெனிகள் அறிந்தன. அமெரிக்கக் கம்பெனிகளும் அறிந்தன. தொழிலாளிக்கு மட்டும் சொல்லவில்லை.

1974 ஜனவரியில், அமெரிக்காவின் லூயிவில் ஆலைத் தொழிலாளர்கள் அதே புற்றுநோயால் இறந்த செய்தி வெளிவந்தது. அதன் பிறகே அரசு விழித்தது. காற்றில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு என்றிருந்த வரம்பு, 1975-ல் 1 பங்காயிற்று. தொழிலே அழியும் என்று முதலாளிகள் கூக்குரலிட்டார்கள். அழியவில்லை.

"எலிக்கு வந்தால் மனிதனுக்கும் வருமா?" என்பார்கள். எல்லாம் வராது. ஆனால் கைகாட்டி இறங்காதபோது வண்டியை விடலாமா? இந்த நோயோ பல ஆண்டு கழித்தே தலைகாட்டும்.

ஆகவே, நாம் சுவாசிப்பது என்ன என்று கேளுங்கள். பீப்பாயில் உள்ள பெயரை எழுதி வாருங்கள். தனியாகக் கேட்டால் வேலை போகும், சங்கமாகக் கேட்போம்.