கருந்துளையின் உள்ளே

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



2019ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆந் திகதி காலை, எமது யாழ்ப்பாணத்து வானிலே சூரியன் ஒரு பொன் மோதிரமாகத் தோன்றியதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அன்று வீட்டிலே அப்பாச்சி கதவைச் சாத்திவிட்டு, கிரகணம் விடும்வரை அடுப்பு மூட்டலாகாது என்றார். நாமோ மிஷன் பாடசாலை ஆசிரியர் தந்த கிரகணக் கண்ணாடியோடு முற்றத்தில் நின்றோம். இன்றைய பேச்சையும் ஒரு கிரகணத்திலிருந்தே தொடங்குகின்றோம். ஏனெனில் வெளி வளைகின்றது என்பதை உலகம் நம்பத் தொடங்கியது ஒரு கிரகணத்தினாலேயே.

1915இல் ஐன்ஸ்ரைன், ஈர்ப்பு என்பது காலமும் வெளியும் சேர்ந்து வளைவதேயன்றி வேறன்று என்றார். அப்படியாயின் சூரியனுக்கு அருகாக வரும் விண்மீனின் ஒளியும் வளைந்தே வரவேண்டும். பகலிலே விண்மீன்களைக் காண்பது எவ்வாறு? முழுச் சூரிய கிரகணத்திலே காணலாம். 1919ஆம் ஆண்டு வைகாசி 29ஆந் திகதி, ஆங்கில வானியலறிஞர் எடிங்ரன் ஆபிரிக்காவுக்கு மேற்கேயுள்ள பிரின்சிப்பே என்னும் சிறு தீவிலிருந்து படம் பிடித்தார். விண்மீன்கள் இடம் பெயர்ந்திருப்பனவாகத் தோன்றின. ஐன்ஸ்ரைன் சொன்ன அளவு, ஒரு பாகையின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அச்சிறு அளவே உலகத்தின் எண்ணத்தை மாற்றியது.

வளைவு என்றால் என்ன? நால்வர் ஒரு வேட்டியின் நான்கு மூலைகளையும் இழுத்துப் பிடிக்க, நடுவில் ஒரு பனம்பழத்தை வையுங்கள். வேட்டி குழியும். ஓரத்தில் உருட்டிய போளை நேரே செல்லாது, குழியை நோக்கி வளைந்து செல்லும். இவ்வுவமை வெளிக்குப் பொருந்தும். ஆனால் காலமும் வளைகின்றது என்பதை வேட்டி காட்டாது. அதனைக் காட்டுவது உங்கள் கைத்தொலைபேசி. இடங்காட்டும் செய்மதிகளிலுள்ள கடிகாரங்கள், நிலத்திலுள்ளவற்றைக் காட்டிலும் நாளொன்றுக்கு ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 38 பங்கு முந்தி ஓடுகின்றன. இதனைத் திருத்தாவிடின் கைத்தொலைபேசி காட்டும் இடம் ஒரே நாளிற் பல கிலோமீற்றர் பிழைத்துவிடும்.

இவ்வளைவு மிகுந்துகொண்டே போனால் முடிவு என்ன? இவ்வினாவுக்கு வழிதிறந்தவர் ஒரு தமிழ் இளைஞர். சென்னைப் பிரெசிடென்சிக் கல்லூரியிற் கற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல், தமது பத்தொன்பதாவது வயதிலே, புலமைப்பரிசில் பெற்றுப் பம்பாயிற் கப்பலேறிக் கேம்பிறிட்ஜுக்குப் புறப்பட்டார். கப்பலில் இருந்தபடியே ஒரு கணக்கைச் செய்தார். எரிந்து முடிந்த நட்சத்திரம் சுருங்கி வெண்குறளி ஆகும் என்பது அந்நாளைய கொள்கை. ஆனால் சூரியனுடைய திணிவைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்டது அவ்வாறு நிலைத்து நிற்க முடியாதென்று அவருடைய கணக்குக் கூறிற்று.

1935ஆம் ஆண்டு தை 11ஆந் திகதி, இலண்டனிலே அரச வானியற் கழகத்தில் அவர் இதனை விளக்கினார். அடுத்து எழுந்தவர் எடிங்ரன். நட்சத்திரம் இத்தகைய அபத்தமான வழியிற் செல்லாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கவேண்டும் என்றார். சபையிலே சிரிப்பு எழுந்தது. ஒளியின் வளைவைக் கண்டு சொன்ன அதே பெரியார், அவ்வளைவு முற்றும் இடத்தை ஏற்க மறுத்துவிட்டார்! அந்த இளைஞருக்கு அப்போது வயது 24.

1939இல் ஒப்பன்ஹைமரும் சினைடரும், பெரிய நட்சத்திரம் ஒளியும் வெளிவராதவாறு உள்ளே விழுந்துவிடும் என்று கணித்துக் காட்டினர். சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. 2019 சித்திரை 10ஆந் திகதி, 650 கோடி சூரியன்களின் திணிவுள்ள ஒரு கருந்துளையின் நிழற்படம் உலகுக்கு வெளியாயிற்று.

இனி, உள்ளே இருப்பது யாது? நம் சூரியன் கருந்துளையாக வேண்டுமானால் மூன்று கிலோமீற்றர் ஆரைக்குள்ளும், பூமியாயின் ஒரு நெல்லிக்காயளவுக்குள்ளும் ஒடுங்கவேண்டும். அந்த எல்லையிலே சுவரோ கதவோ இல்லை. மிகப் பெரிய கருந்துளையாயின், அதனைக் கடப்பவருக்குக் கடந்தமையே தெரியாது. ஆனால் கடந்தபின் திசைகளின் தன்மை மாறிவிடும். நாம் நாளைக்குச் செல்லாமல் இன்றே நிற்க முடியாதல்லவா? அதுபோல அவர் நடுவை நோக்கிச் செல்லாமல் நிற்க முடியாது. அங்கே நடு என்பது ஓர் இடமன்று. வரப்போகும் ஒரு காலம்.

அந்த நடுவிலே? கல்கத்தாவைச் சேர்ந்த அமல்குமார் ராய்சௌதுரி 1955இல் வெளியிட்ட சமன்பாடும், 1965இல் பென்ரோஸ் நிறுவிய தேற்றமும், ஐன்ஸ்ரைன் கொள்கை அங்கே முறிந்துபோகின்றது எனக் காட்டின. அடர்த்தி எல்லையற்றது என்று விடை வருமாயின், அஃது இயற்கையின் செய்தியன்று. எமது கணக்கு முடிந்துவிட்டது என்பதன் அறிவித்தல். அணுவிலுஞ் சிறியவற்றை ஆளும் குவாண்டம் கொள்கையையும் ஈர்ப்பையும் இணைக்கும் புதிய கணக்கு வரும்வரை, உள்ளே இருப்பது இன்னதென்று ஒருவரும் உறுதியாகச் சொல்லார்.

நண்பர்களே, இங்கே இரு தவறுகள் நேரக்கூடும். கணக்கு அழைத்துச் செல்லும் இடத்துக்குப் போக மறுப்பது ஒன்று. அது பெரியோருக்கு வருவது. கணக்கு நின்ற இடத்துக்கு அப்பாலும் கற்பனையிற் பாய்ந்து, உள்ளே வேறோர் உலகம் உண்டென்றும், எல்லாம் முன்னரே தெரிந்ததென்றும் பேசுவது மற்றொன்று. அது எம்போன்ற இளைஞருக்கு வருவது. இதனை எமக்கும் சேர்த்தே சொல்லுகின்றோம்.

சந்திரசேகர் இரண்டையும் செய்தாரில்லர். சபை சிரித்ததற்காகக் கணக்கை மாற்றவில்லை. பெரியவரைத் தூற்றவும் இல்லை. 1982இல் கேம்பிறிட்ஜிலே எடிங்ரனின் நூற்றாண்டுச் சொற்பொழிவை ஆற்றியவர் அவரே. அதில் எடிங்ரனைத் தம் காலத்துத் தலைசிறந்த வான்பௌதிக அறிஞர் என்று போற்றினார்.

நாளை எமது சங்கத்து இளைஞன் ஒருவன் விளங்காத ஒன்றைக் கொண்டுவந்து மேடையில் வைத்தால், பெரியோர்கள் சிரிப்பதற்கு முன் கணக்கைக் கேட்டருள வேண்டும். அவனும், கேட்டால் காட்டக்கூடிய கணக்கோடு வரவேண்டும். தெரியாததைத் தெரியாதென்று சொல்ல இருசாராரும் நாணவேண்டாம்.