கொல்லிமலையும் குமரிப் பாறையும்

எருமப்பட்டியில் நின்று பார்த்தால் கொல்லிமலை தெரியும், கடல் தெரியாது. ஆனாலும் அந்த மலைக்குக் குமரிமுனையில் ஓர் உறவு உண்டு. சார்னோகைட் என்னும் கருங்கல் வகை இரண்டு இடங்களிலும் இருக்கிறது. கொல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்பவரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல் போயிருந்தது. அதை வைத்தே 1893இல் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பெயரைச் சூட்டினார். நம் மலைக்கல்லின் பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது!

அந்தக் குமரிக் கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டரில் இரண்டு பாறைகள் அலையில் நிற்கின்றன. பெரியது ஸ்ரீபாதப் பாறை. விவேகானந்தர் 1892 டிசம்பரில் தியானம் செய்த இடம். ஏக்நாத் ரானடே என்பவர் பாடுபட்டு அங்கே எழுப்பிய நினைவாலயம் 1970இல் திறக்கப்பட்டது.

சிறியதில் சிற்பி கணபதி ஸ்தபதி வள்ளுவர் சிலையை நிறுத்தினார். பீடம் 38 அடி, சிலை 95 அடி. சேர்த்தால் 133, குறளின் அதிகாரங்கள். 2004 சுனாமியிலும் அந்தச் சிலை அசையவில்லை.

கடல் நீர் தாழ்ந்தால் படகு வள்ளுவர் பாறைக்குப் போக முடியாது. பெரிய பாறையில் நின்றபடி சிலையை ஏக்கத்தோடு பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம். 2024 டிசம்பர் 30 அன்று, 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் இரு பாறைகளையும் இணைத்தது. இப்போது நடந்தே போகலாம், காலடியில் அலையைப் பார்த்துக்கொண்டு.