சொல்லிக்கொடுப்பதும் சிகிச்சைதான்



இன்று மே 12, உலகச் செவிலியர் தினம். ஊசி போடும் கையை ஊரே வாழ்த்துகிறது. நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்கும் வாயையும் வாழ்த்தவே நான் எழுந்து நிற்கிறேன்.

நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது, 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு. டாக்டர் முன் அவர்கள் உட்காருவது சில நிமிடம். மற்ற நேரமெல்லாம் வைத்தியம் நடப்பது வீட்டில்.

உதாரணத்துக்குக் கால்களை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நரம்பை மரக்க வைக்கிறது, ரத்தக்குழாயைச் சுருக்குகிறது. முள் குத்தினால் வலி தெரியாது. வலி தெரியாத புண்ணை யாரும் பார்ப்பதில்லை. ரத்தம் போதாததால் அது ஆறுவதும் இல்லை. முடிவில் விரல் போகிறது, சிலருக்குக் காலே போகிறது. இதைத் தடுப்பவை எளிய பாடங்கள்: தினமும் பாதத்தைப் பாருங்கள், குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், விரலிடுக்கில் ஈரத்தைத் துடையுங்கள், கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறதா? வயசு என்று தள்ளாதீர்கள். ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பீடி, சிகரெட்டை இன்றே விடுங்கள்.

சர்க்கரைக்கு மருந்து போட்டுவிட்டுச் சாப்பிடத் தவறி, வியர்த்துக் கை நடுங்கினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 108ஐ அழையுங்கள். அதேபோல், தலைசுற்றல் இல்லை என்பதற்காக பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிரஷர் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை நம் வாசலுக்கே கொண்டுவந்தது. அதை ஏன் விழுங்குகிறோம் என்ற தெளிவும் கூடவே வரவேண்டும்.

செவிலியர் சகோதரிகளே, "புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். புரிந்ததும் புரியாததும் அப்போது வெளியே வரும்.

மருத்துவமனை நடத்துவோரே, சொல்லிக்கொடுப்பதை மிச்ச நேரத்து வேலையாக்காதீர்கள். அதற்கென்று ஆளும் நேரமும் ஒதுக்குங்கள்.

பொதுமக்களே, "சிஸ்டர், வீட்டில் நான் என்ன செய்யணும்?" என்று கேட்காமல் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை. கேளுங்கள்.