இரத்தத்தை நிறுத்தும் இரத்தம்



அண்மையில் ஜும்ஆவுக்குப் பின் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். அவருடைய வாப்பாவுக்கு ஈரலில் சத்திரசிகிச்சை. "ஹஸ்ரத், இரத்தக் கசிவை நிறுத்த மனித இரத்தத்திலிருந்து எடுத்த பசையைப் பூசுவார்களாம். இது கூடுமா? நான் இன்னும் கையொப்பமிடவில்லை" என்று கண்கலங்கிக் கேட்டார்.

நேயர்களே, சட்டம் கூறுமுன் பொருளை அறிதல் வேண்டும். கை அறுபட்டால் சற்று நேரத்தில் இரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது அல்லவா? இரத்தத்திலுள்ள பைபிரினோஜன் எனும் புரதத்தைத் துரொம்பின் எனும் நொதியம் நூல்களாக மாற்றுகிறது. அந்நூல்கள் வலைபோற் பின்னிக் காயத்தை அடைக்கின்றன. படைத்தவன் நம்முள் வைத்த இவ்வேற்பாட்டையே வைத்தியர்கள் பின்பற்றுகின்றனர். இரண்டு பொருட்களையும் இரட்டைச் சிரிஞ்சில் தனித்தனியே வைத்து, காயத்தின்மேல் ஒன்றுசேரச் செய்கின்றனர். ஈரல், மண்ணீரல் போன்ற மென்மையான உறுப்புகளில், தையல் நில்லாத இடங்களில் இது பேருதவியாகும். பின்னர் உடலே அதனைக் கரைத்துவிடும். எனினும், பெரிய நாடியொன்று பீறிட்டால் அதைக் கட்டியே ஆகவேண்டும். பசை மட்டும் போதாது.

1909இல் பெர்கல் எனும் ஜெர்மன் வைத்தியர் இத்தகைய தூளொன்றைப் பயன்படுத்தினார். இடையில் இதன் வழியே ஈரல் அழற்சி பரவும் என்ற அச்சம் தடையாயிற்று. இன்று நன்கொடையாளரின் பிளாஸ்மா பரிசோதிக்கப்படுவதோடு, வைரசுகளை அழிக்கும் முறைகளுக்கும் உட்படுத்தப்படுகிறது. 1998இல் அமெரிக்க மருந்து நிர்வாகமும் இதற்கு அனுமதியளித்தது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனம் இரத்தத்தைத் தடுக்கிறது. நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர்மீது குற்றமில்லை என்ற சலுகையும் அதே வசனத்திலேயே உண்டு. உயிர்காக்க இது தேவை, இதற்கு நிகரான வேறொன்று இல்லை என நம்பத்தகுந்த வைத்தியர் கூறுவாராயின் தயங்க வேண்டியதில்லை. ஆயினும் கேட்டறிவது நமது பொறுப்பு. சில தயாரிப்புகளில் மாட்டிலிருந்தும், இரத்தம் நிறுத்தும் சில ஜெலட்டின் வகைகளில் பன்றியிலிருந்தும் பெறப்பட்டவை உள்ளன. மாற்று உண்டா என விசாரியுங்கள். ஒவ்வாமை இருப்பின் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அச்சகோதரர் அன்று மாலையே கையொப்பமிட்டார்.

நேயர்களே, அந்தச் சில துளிப் பசைக்குப் பின்னால் முகமறியாத பலரின் கொடை இருக்கிறது. பெறுவது கூடுமா என்று கேட்கும் நாம், ஒரு நாளாவது கொடுத்தோமா என்றும் நம்மைக் கேட்டுக்கொள்வோமாக!