யார் பிள்ளைகள் நாம்? – ஓர் அக்காடியக் குடும்பத்தின் கதை

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடந்த குடும்பங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஜூபிலியை முன்னிட்டு ஒவ்வொரு குடும்பமும் தன் வம்ச வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். "எழுதி என்ன ஆகப் போகிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு விடையாகக் கடல் கடந்த ஒரு மக்களின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். வீடு, நிலம், கோயில் எல்லாவற்றையும் இழந்த அவர்கள், தாங்கள் யார் பிள்ளைகள் என்பதை மட்டும் இழக்கவில்லை.

கானடாவின் கிழக்குக் கரையில் இன்று நோவா ஸ்கோஷியா எனப்படும் பகுதிக்கு முன்னாளில் அக்காடியா என்று பெயர். பிரான்சிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய உழவர்கள், கடல்நீர் ஏறும் சதுப்பு நிலத்தில் கரை கட்டி, உப்பைப் போக்கி, கோதுமை விளைவித்தார்கள். 1671ல் லோரான் மோலென் என்ற பிரான்சிஸ்கன் துறவி வீடு வீடாகச் சென்று அவர்களைக் கணக்கெடுத்தார். பியேர் லானூ என்பவர், தாம் சுகமாயிருப்பதாகவும் வயதைச் சொல்ல முடியாதென்றும் ஆளனுப்பிவிட்டார். பியேர் மெலான்சோனின் மனைவியோ, இதற்காகவா தெருத்தெருவாய் அலைகிறீர் என்று துறவியையே ஏளனம் செய்தார். நம் விழாக் குழுவினர் மனம் தளர வேண்டாம்! அன்று ஏளனம் செய்தவர்களின் பெயரும் அந்தத் தாளினால்தான் நமக்குத் தெரிகிறது.

அந்த மக்களுள் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பிரான்சுவா புரூசார், அவர் மனைவி கத்தரீன் ரிஷார் ஆகியோர் 1686ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் போர்ட் ராயல் என்ற ஊரில் காணப்படுகிறார்கள். அக்காடியப் பெண்கள் மணமான பின்பும் தகப்பன் வீட்டுப் பெயரோடேயே பதிவு செய்யப்பட்டார்கள். ஆகையால் கத்தரீன் வழியாக அவர் பெற்றோர் மிஷேல் ரிஷார், மாதலேன் பிளான்ஷார் வரைக்கும் ஏறிச் செல்ல முடிகிறது. பிரான்சுவாவின் மகன் ஜோசப் 1702 வாக்கில் பிறந்தார். 'போசொலேய்' என்பது அவருக்கு வழங்கிய பட்டப்பெயர். அவரும் அண்ணன் அலெக்சாந்தரும் திபோதோ குடும்பத்து அக்காள் தங்கையரை மணந்தார்கள். ஜோசப்பின் கலியாணம் 1725ல் நடந்தது. 1702 முதல் 1755 வரைக்குமான போர்ட் ராயல் கோயில் புத்தகங்கள் நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

1713ல் அக்காடியா பிரிட்டன் வசமாயிற்று. பிரெஞ்சுக்காரருக்கு எதிராக ஆயுதம் எடுக்க நேரும் என்றஞ்சிய மக்கள், நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தார்கள். 1755 ஜூலை 28ஆம் நாள் ஹாலிபாக்ஸ் நகரில் அவர்களை நாடு கடத்தத் தீர்மானம் ஆயிற்று. செப்டம்பர் 5ஆம் நாள் கிராண்ட் பிரே ஊரின் ஆண்களும் வளர்ந்த பையன்களுமாக 418 பேரைக் கோயிலுக்குள் வரவழைத்து, கதவடைத்து, அவர்கள் கைதிகள் என்று அறிவித்தார்கள். செபம் செய்த கோயிலே சிறையாயிற்று! எட்டு ஆண்டுகளில் 10,000க்கும் மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டுப் பல நாடுகளுக்குச் சிதறினார்கள். 1758 டிசம்பரில் 'டியூக் வில்லியம்' என்ற கப்பல் மூழ்கி 360 பேருக்கு மேல் மாண்டார்கள். எத்தனையோ குடும்பங்களின் வம்சக் கொடி அங்கேயே அறுந்துபோயிற்று.

ஜோசப் புரூசார் பெட்டிகோடியாக் ஆற்றங்கரையில் நின்று எதிர்த்துப் போராடினார். முடிவில் சிறைப்பட்டார். போர் ஓய்ந்த பின் 1764ன் இறுதியில் ஏறக்குறைய 200 பேரை அழைத்துக்கொண்டு ஹாலிபாக்ஸை விட்டுப் புறப்பட்டு, 1765 பிப்ரவரியில் லூயிசியானா நாட்டின் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தார். அட்டகபா என்ற புல்வெளிப் பகுதியில் குடியேறினார்கள். கூடச் சென்ற சிவ்ரே என்ற குரு, அவ்விடத்தைப் 'புதிய அக்காடியா' என்று குறித்து, ஞானஸ்நானமும் மரணமும் எழுதத் தொடங்கினார். அதே ஆண்டு கொள்ளைநோய் வந்தது. செப்டம்பரில் அலெக்சாந்தர், அக்டோபரில் ஜோசப். மண்ணைக் கண்டடைந்த சில மாதங்களிலேயே மண்ணுக்குள் போனார்கள். அவர்களை அடக்கம் செய்த செய்தியை இன்று நமக்குச் சொல்வது, அந்தக் குருவானவர் எழுதிய வரிகளே. லூயிசியானாவின் புரூசார் குடும்பங்கள் அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் போர்ட் ராயல் வரைக்கும் செல்கிறார்கள்.

கிராண்ட் பிரே மக்களின் செயல் இன்னும் வியப்பானது. நாடு கடத்தப்பட்டபோது, பாத்திரம் பண்டங்களை விட்டாலும் தங்கள் கோயில் புத்தகங்களை விடவில்லை. அவற்றை மேரிலாந்துக்கும், பின்னர் லூயிசியானாவின் செயின்ட் கேப்ரியல் பங்குக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1707 முதல் 1748 வரைக்குமான அப்பதிவுகள் இன்று பேட்டன் ரூஜ் மறைமாவட்டக் காப்பகத்தில் உள்ளன.

புத்தகம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? பிரான்சின் பெல் ஈல் தீவில் 78 அக்காடியக் குடும்பங்கள் குடியமர்ந்தன. 1767ல் குடும்பத் தலைவர்கள் குருக்களின் முன்னிலையில் சத்தியம் செய்து, பாட்டன் பூட்டன் பெயர்களையும் யார் எங்கே மணந்தார்கள், எங்கே மாண்டார்கள் என்பதையும் நினைவிலிருந்து சொல்ல, அதை எழுதிக்கொண்டார்கள். வயதானவர்களின் நினைவே அன்று புத்தகமாயிற்று.

இன்னொரு வழியும் உண்டு. உறவுக்குள் மணம் செய்ய ஆயரின் விதிவிலக்கு வேண்டும் அல்லவா? கலியாணப் புத்தகத்தில் அது எத்தனையாம் படி உறவு என்று எழுதப்படும். அக்கால வழக்கில் மூன்றாம் படி என்றால் மணமக்கள் இருவருக்கும் பூட்டன் ஒருவரே. இந்தக் குறிப்புகளைக் கொண்டே அறுந்துபோன பல தலைமுறைகளை ஆராய்ச்சியாளர் ஒட்டவைத்தார்கள். ஸ்டீபன் வைட் என்பவர் 1999ல் வெளியிட்ட அக்காடியக் குடும்ப அகராதி இத்தகைய பெரும் உழைப்பின் கனி.

அன்பர்களே! 1563ல் திரிதெந்து பொதுச்சங்கம் விதித்தபடியே அக்காடியாவில் புத்தகம் எழுதப்பட்டது. நம் பங்கிலும் அதே முறைதான். ஆனால் நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஓர் ஊரில் பத்து அந்தோணி, எட்டு சவேரியார் இருப்பார்கள். தாயின் பெயர், அவள் பிறந்த ஊர், ஞானத்தாய் தகப்பன் பெயர், வீட்டுப் பட்டப்பெயர் இவை இல்லாவிட்டால் பேரன் தன் பாட்டனை எப்படிக் கண்டுகொள்வான்?

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டிலுள்ள முதியவர்களிடம் இந்த மாதமே உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். ஆண்வழியை மட்டுமல்ல, பெண்வழியையும் எழுதுங்கள். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் எழுதுங்கள். கோயில் புத்தகங்களைக் கரையானுக்கும் ஈரத்துக்கும் கொடுக்காமல் காப்பது பங்குத்தந்தை ஒருவரின் வேலையன்று. நம் அனைவரின் கடமை.

நாடு கடத்தும் கப்பலில் ஏறினவர்களே புத்தகத்தைச் சுமந்தார்கள். சொந்த ஊரில் அமைதியாய் வாழும் நாம், ஒரு தாளும் பேனாவும் எடுக்கக் கூடாதா?